ஒழுகும் கூரைக் கணக்கு

பஞ்சகென்ட்
அக்டோபர் 9, 2001

அன்புள்ள சபோஹத் அக்கா,

நானும் அம்மாவும் சுகம். தந்தூரில் ரொட்டி ஒட்டி ஒட்டி அம்மாவுக்கு முழங்கை வரை மறுபடி கொப்புளம், அவ்வளவுதான். மலையில் குளிர் இறங்கியிருக்கும். உன் இருமல் எப்படி? உன் மாமியாரின் கண்புரை எப்படி? ரஷ்யாவிலிருந்து அத்தான் எழுதுகிறாரா? கொழுந்தன் நுஸ்ரத்துக்கும் நாத்தனார் ஜுலைகோவுக்கும் எங்கள் வணக்கம்.

இதுவரை அம்மா சொல்லச் சொல்ல எழுதியது. அவள் தூங்கிவிட்டாள். இனி நான்.

நீ கல்யாணமாகி ஓபிசர்துக்குப் போனதிலிருந்து எனக்குக் கணக்கு பேச ஆளில்லை. சந்தையில் விதைக்காரர் சூரியகாந்தி விதைக்குக் கூம்பு சுற்றக் கிழித்துக்கொண்டிருந்தாரே, அந்தப் புத்தகத்தை அவர் கையிலிருந்து நீ பிடுங்கிய நாளை இன்றைக்கும் நினைத்துச் சிரித்தேன். நாம் அதை ரொட்டிக் கத்தியால் முதுகில் பிளந்தபோது சரியாகப் பிளக்கவில்லை. அளவைகள் பற்றிய பாதி என்னிடம். நிகழ்தகவுப் பாதியும் எல்லா விடைகளும் உன்னிடம். நான் போட்டது சரியா தப்பா என்று தெரிய மலையேறி வரவேண்டியிருக்கிறது.

இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் இடம் இது. இடைவெளிகளின் நீளத்தை அளக்கத் தெரியும். அதிலிருந்து எல்லா ஒழுங்கான கணங்களுக்கும் அளவையை விரிப்பது எப்படி? நிரூபணம் இருக்கவேண்டிய நாலு பக்கமும் யாரோ தின்ற விதையோடு போய்விட்டன. உனக்கு நினைவிருந்தால் எழுது.

ஓட்டுநர் கூர்போன் அண்ணன்தான் இதைக் கொண்டுவருகிறார். "உங்க அக்கா வீட்டுல கடுதாசிய டீ குடிக்கிறப்ப சத்தமா படிப்பாங்க பாப்பா. அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியாதுல்ல, பொண்ணு படிச்சுச் சொல்லும்" என்றார். ஜுலைகோ, என் அக்காவின் கணக்குகள் வரும் இடத்தில் மூச்சு வாங்கிக்கொள். எங்கள் அம்மா அங்கே வந்தால் புத்தகப் பேச்சு மட்டும் வேண்டாம். ஹகீம் மாமா காதுக்குப் போனால் என் பாதியும் தந்தூருக்குப் போகும். மாவு மூட்டைக்குள்தான் வைத்திருக்கிறேன்.

பக்கத்து வீட்டு சுஹ்ரோப் ரஷ்யாவுக்குக் கிளம்பினான். ரொட்டியில் ஒரு வாய் கடிக்கவைத்து, மீதியைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். திரும்பி வந்து அவன்தான் அதைத் தின்று முடிக்கவேண்டும். மணப்பெண்ணுக்கு மட்டும் ஏன் இதைச் செய்வதில்லை என்று அம்மாவைக் கேட்டேன். "திரும்பி வர்றதுக்கா கட்டிக் குடுக்கிறோம்?" என்றாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
உன் மனீஜா


ஓபிசர்த்
நவம்பர் 14, 2001

அன்புத் தங்கை மனீஜாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். அம்மாவின் கைக்கு ஆட்டுக்கொழுப்பு தடவு. உன் அத்தான் இக்ரோம் ஊர் வந்துவிட்டார். ரஷ்யாவில் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்ததில் கால் கூடவில்லை, இனி இங்கேதான். வீடு நிறைந்திருக்கிறது.

நீ கேட்ட நிரூபணத்தைத் தனித்தாள்களில் எழுதியிருக்கிறேன். நினைவிலிருந்து வரவில்லை. நானே கட்டவேண்டியிருந்தது. முதலில் எந்தக் கணத்தையும் வெளியிலிருந்து இடைவெளிகளால் மூடிப் பார். அப்படி மூடும்போது கிடைக்கும் மிகச் சிறிய அளவு, வெளி அளவை. அது எல்லாக் கணத்துக்கும் உண்டு, ஆனால் அதை நம்பாதே. ஒரு கணம் மற்ற எதையும் இரண்டாக வெட்டும்போது, இரு துண்டுகளும் கூடிப் பழைய அளவைத் தரவேண்டும். அப்படி வெட்டுகிற கணங்களை மட்டுமே அளந்ததாக எடுத்துக்கொள். மற்றவற்றை வெளியிலிருந்து எத்தனை அழகாக மூடினாலும் உள்ளே இருப்பது தெரியாது.

மூன்றாவது தாளில் ஒரு இடம் எனக்கே திருப்தியில்லை. நீ சரிசெய்.

எல்லோரும் விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள்.
சபோஹத்


பஞ்சகென்ட்
டிசம்பர் 6, 2001

அன்புள்ள அக்கா,

எல்லோரும் சுகம். அத்தானின் கால் எலும்பு கூட அம்மா முமியோ மருந்து வாங்கி அனுப்பியிருக்கிறாள், பாலில் கரைத்துக் கொடு.

மூன்றாவது தாளைச் சரிசெய்துவிட்டேன். நீ எண்ணத்தக்க கூட்டலை நிரூபிப்பதற்கு முன்பே அதை உண்மையென்று எடுத்துக்கொண்டாய். முதலில் முடிவுள்ள கூட்டல், பிறகு எல்லை. நீ தப்பு செய்து நான் பார்த்ததே இல்லை, அதனால் நாலு தடவை சரிபார்த்தேன். உனக்கு உடம்பு சரியில்லையோ?

இன்னொரு செய்தி. ஹகீம் மாமா வந்திருந்தார். நான் அடுப்படியில் மாவு சலித்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு பொண்ணும் ஒரே அடுப்படியில இருந்தா ஒருத்திக்கு ஒருத்தி துணை. நுஸ்ரத்து நல்ல பையன், குடிக்கிறதில்ல, வாயில புகையிலை கூட கிடையாது" என்றார் அம்மாவிடம்.

"இவளுக்குப் பள்ளிக்கூடம் முடியலையே."

"பதினொண்ணாவது முடிச்சா மட்டும் தந்தூர் அவ கைய சுடாதா?"

அம்மா சிரித்தாள். நவ்ரூஸ் புத்தாண்டு முடிந்து பாதை திறந்ததும் உங்கள் வீட்டார் நிச்சயத்துக்கு ரொட்டி முறிக்க வருவார்களாம். ரொட்டி முறித்துவிட்டால் அப்புறம் பேச்சே இல்லை, அது உனக்குத் தெரியும். நான் இன்ஸ்டிடியூட்டுக்குப் போகவேண்டும் என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. இப்போது ஜுலைகோவுக்கும் தெரிந்துவிட்டது. ஜுலைகோ, இந்த வரியை மெதுவாகப் படி.

அக்கா, நீ இருக்கும் வீடு என்றால் எனக்கு பாதி பயம் போய்விடும். வீடு எப்படி, நுஸ்ரத் எப்படி, நீயே சொல். நீ வா என்றால் வருகிறேன்.

மனீஜா


ஓபிசர்த்
ஜனவரி 20, 2002

அன்புத் தங்கை மனீஜாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முமியோவுக்கு உன் அத்தான் நன்றி சொன்னார். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துவிடு, மை உறைந்துபோகிறது.

நுஸ்ரத் அமைதியான பையன். வீட்டில் யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. அம்மா பார்த்துச் செய்வது சரியாகவே இருக்கும்.

உனக்கு ஒரு கணக்கு. விடை என் பாதியில் இல்லை, தேடச் சொல்லாதே.

ஒரு வீட்டுக் கூரை ஒழுகுகிறது. முதல் நாள் நிச்சயமாக ஒழுகியது. இரண்டாம் நாள் ஒழுகும் நிகழ்தகவு இரண்டில் ஒன்று, மூன்றாம் நாள் மூன்றில் ஒன்று, இப்படியே நாளுக்கு நாள் குறைகிறது. கூரைக்கு நினைவு கிடையாது. நேற்று ஒழுகியதா இல்லையா என்பது இன்றைக்கு ஒரு பொருட்டல்ல. வானத்தில் மேகம் இல்லாத நாளிலும் ஒழுகும். அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள்: "ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும். போகப்போகக் குறையும். ஒரு நாள் நின்னுடும்." முதல் பாதி உண்மை, குறைகிறது. இரண்டாவது பாதி உண்மையா?

இதற்கு வேண்டிய துணைத்தேற்றத்தைக் கீழே நகல் எடுத்திருக்கிறேன். அவசரப்படாமல் போடு. ஆனால் ரொம்பவும் தாமதிக்காதே.

சபோஹத்


பஞ்சகென்ட்
பிப்ரவரி 11, 2002

அன்புள்ள அக்கா,

சுகம். பனிச்சரிவால் பாதை எப்போது மூடுமோ என்று கூர்போன் அண்ணன் அவசரப்படுத்துகிறார். அத்தானின் கால் தேறியிருக்கும் என்று நம்புகிறோம்.

உன் கூரையைப் போட்டுவிட்டேன். ஒரே மூச்சில்.

அக்கம்பக்கத்தார் சொல்வது தப்பு. ஒன்று, இரண்டில் ஒன்று, மூன்றில் ஒன்று என்று கூட்டிக்கொண்டே போனால் கூட்டுத்தொகைக்கு எல்லை இல்லை. நாட்கள் ஒன்றையொன்று சாராதவை. ஆகவே கூரை ஏறக்குறைய நிச்சயமாக முடிவில்லாத தடவைகள் ஒழுகும். துணைத்தேற்றம் இல்லாமலும் காட்டலாம், இது என் வழி: பத்தாம் நாளிலிருந்து நூறாம் நாள் வரை காய்ந்தே இருக்கும் நிகழ்தகவு நூற்றில் ஒன்பது. ஆயிரம் வரை என்றால் ஆயிரத்தில் ஒன்பது. எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்கினாலும் இப்படியே கரைந்து பூஜ்யமாகிறது. இடைவெளி நீளும், நிற்காது. அழகான விடை அல்லவா? குறைவது வேறு, நிற்பது வேறு.

ஆனால் கணக்கை நீ சரியாக அமைக்கவில்லை என்று சொல்ல அனுமதி கொடு. மேகம் இல்லாத நாளிலும் ஒழுகும் என்பது தேவையில்லாத தகவல், எங்கேயும் அது பயன்படவில்லை. இரண்டாவது, இப்படி ஒரு வீட்டில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? வைக்கோல் கலந்த மண்ணைக் குழைத்து மேலே பூசமாட்டார்களா? மலைநாட்டு சோம்பேறிகள் என்று எழுதியிருந்தேன், ஜுலைகோ படிப்பாளே என்று அடித்துவிட்டேன்.

நீ குறையில்லை என்று எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். மாமா தேதி குறித்துவிட்டார்.

மனீஜா


மார்ச் 25, 2002
(அனுப்பாதது)

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. இதை உனக்கு அனுப்பமாட்டேன், அனுப்பினால் உன் வீட்டில் டீயோடு படிப்பார்கள். ஆனாலும் எழுதுகிறேன். பக்கத்தில் அம்மா புரண்டு படுத்தால் விளக்கைப் பொத்திக்கொள்கிறேன்.

பாதை திறந்து கூர்போன் அண்ணன் இன்று வந்தார். உன் பதில் இல்லை. ரொட்டி வாங்குகிற சாக்கில் நின்றுகொண்டே இருந்தார்.

"அக்காகிட்ட உன் கடுதாசிய குடுத்தேன் பாப்பா. இடது கையால வாங்கிச்சு. முக்காடு புருவம் வரைக்கும். வீட்டுல எல்லாம் சுகம்னு சொல்லுங்கண்ணேன்னுச்சு."

"நீங்க என்ன கேட்டீங்க?"

"நான் ஒண்ணுமே கேக்கலையே."

உன் ஜனவரிக் கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். எழுத்துகள் எல்லாம் இடப்பக்கம் சாய்ந்திருக்கின்றன. மை உறைந்தால் எழுத்து திக்கும், சாயாது.

முதல் நாள் நிச்சயமாக ஒழுகியது என்று எழுதியிருந்தாய். மேகம் இல்லாத நாளிலும் என்று எழுதியிருந்தாய். நான் உனக்கு மதிப்பெண் போட்டேன். தேவையில்லாத தகவல் என்றேன். யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று கேட்டேன். நீ எனக்காக எழுதிய ஒரே உண்மையான கடிதத்தை நான் திருத்தி அனுப்பியிருக்கிறேன், அழகான விடை என்று வேறு.

கல்யாணத்தன்று காலை கோழிக்கூண்டுக்குப் பின்னால் ஒளிந்து நீ ஒரு ரொட்டியைக் கடித்தாய், நான் மீதியைத் துணியில் சுற்றினேன். விளையாட்டு என்று சொல்லிச் சிரித்தோம். அது மாவு மூட்டையில் புத்தகத்துக்கு அடியில் கல்லாக இருக்கிறது. இன்று எடுத்துப் பார்த்தேன். உன் முன்பல் கொஞ்சம் கோணல், அதுவும் பதிந்திருக்கிறது.

என்ன செய்வதென்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது.


பஞ்சகென்ட்
மார்ச் 29, 2002

அன்புள்ள அக்கா,

நாங்கள் சுகம். வீட்டில் எல்லோருக்கும் நவ்ரூஸ் வாழ்த்து. சுமலக் கிண்டி அம்மா ஒரு கிண்ணம் அனுப்பியிருக்கிறாள்.

கூரைக் கணக்கை நான் சரியாகப் புரிந்துகொள்ளாமல் போட்டிருக்கிறேன். எந்தத் தகவலும் அதிகப்படி இல்லை. மன்னித்துவிடு.

அதன் தொடர்ச்சியாக ஒரு கணக்கு. அந்த வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். ஒவ்வொரு வாரமும் ஒரு வண்டி பாலத்தில் வந்து நிற்கிறது. அவள் எந்த நாளிலும் வீட்டை விட்டு இறங்கலாம், ஆனால் அன்றுவரை தெரிந்ததை மட்டும் வைத்து முடிவெடுக்கவேண்டும். அவளுக்குச் சரியான நிறுத்த நேரம் எது? இந்த வாரமே என்பது என் விடை. சரியா என்று உடனே எழுது.

மனீஜா


ஓபிசர்த்
ஏப்ரல் 5, 2002

அன்புத் தங்கை மனீஜாவுக்கு,

எல்லோரும் நலம். சுமலக் எல்லோருக்கும் பிடித்தது. உன்னை இந்த வீட்டில் பார்க்க எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

உன் விடை தவறு. காரணம் எழுதுகிறேன்.

அந்த வீட்டில் இருப்பவள் பின்பற்றும் விதி இது: மிக மோசமாக ஒழுகப்போகிற நாளுக்கு முந்தின நாள் இறங்கிவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது நிறுத்த நேரமே அல்ல, நாளையைத் தெரிந்தவர்களால் மட்டுமே அதைப் பின்பற்ற முடியும். தங்கிவிடுகிறவர்கள் எல்லோரும் அந்த விதியைத்தான் வைத்திருக்கிறார்கள்.

நீ விட்டுவிட்டது இரண்டாவது ஆளை. வாசலுக்கு வெளியே ஒருத்தி நிற்கிறாள். இருவரும் சார்பற்றவர்கள் அல்ல. உள்ளே இருப்பவள் இன்று இறங்கினால், அவளுக்கு ஈடாக வெளியே நிற்பவளைக் கேட்பார்கள், கொடுத்தும்விடுவார்கள். ஆகவே வரிசை முக்கியம். வெளியே இருப்பவளின் கணக்கை முதலில் முடி. அவள் வாசலைத் தாண்டாதவரை அவள் மேல் ஒரு சொட்டும் விழாது. உள்ளே இருப்பவளின் கணக்கைப் பிறகு பார்க்கலாம்.

இதை எழுத எனக்கு நேரம் பிடித்தது. கவனமாகப் படி.

சபோஹத்


ஏப்ரல் 22, 2002
(அனுப்பாதது)

அக்கா,

முடித்துவிட்டேன். நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியாமல் இதை எழுதுகிறேன்.

நேற்று வந்தார்கள். உன் மாமியார், அத்தான், ஊர்ப் பெரியவர்கள் இருவர். உன் உடம்புக்கு முடியவில்லை, அதனால் கூட்டிவரவில்லை என்றார்கள். அம்மா விடியலிலேயே இரண்டு ரொட்டி சுட்டு, எள் தூவி, விரிப்பில் சுற்றி வைத்திருந்தாள். கொண்டுபோய் மாமா முன்னால் வைப்பது என் வேலை. நான் அந்த இரண்டையும் எடுத்துவிட்டு நீ கடித்ததைச் சுற்றி எடுத்துப்போனேன்.

மாமா துணியைப் பிரித்தார். கடித்த ரொட்டியை முறிக்க முடியாது, அது ஒருவருக்கு உரியது. அவர் கை அந்தரத்தில் நின்றது.

"என்னது இது?"

உன் மாமியார் கையை நீட்டித் தடவினாள். விரல் பல் பதிந்த இடத்துக்கு வந்ததும் நின்றது. "யாரு கடிச்சது?"

"எங்க அக்கா. வந்து மீதிய திங்கிறேன்னு சொல்லிட்டுப் போனா" என்றேன்.

"மருமகளா வர்றவ ரொட்டி கடிச்சு வெச்சுட்டா வருவா?"

"திரும்பி வர நெனச்சவ கடிப்பா."

மாமா என்னை அடிக்க எழுந்தார். அத்தான் மட்டும் சிரித்தார், ஊன்றுகோலில் மோவாயை வைத்துக்கொண்டு. "விடுங்க மாமா, சின்னப் பொண்ணு, வாய் நீளம். பெரியவளுக்கும் ஆரம்பத்துல இருந்துச்சு. இப்ப குறைஞ்சிருக்கு."

அந்தச் சொல்லுக்கு அம்மா தலை நிமிர்ந்தாள். புது ரொட்டி கொண்டுவரச் சொல்லி மாமா கத்தினார். அம்மா எழுந்திருக்கவில்லை. "மாவு தீர்ந்துபோச்சு" என்றாள். தந்தூர் பக்கத்தில் மூட்டை நிறைய மாவு இருந்தது, எல்லோருக்கும் தெரிந்தது. அவர்கள் டீயைத் தொடாமல் கிளம்பினார்கள்.

பிறகு அம்மா கேட்டாள், நான் புத்தகத்திலிருந்து கடிதங்கள் வரை எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். உன் கூரைக் கணக்கைப் படித்துச் சொன்னேன்.

"நாளுக்கு நாள் குறைஞ்சுக்கிட்டே போனா ஒரு நாள் நின்னுதானேடி ஆகணும்?"

"குறையும்மா. நிக்காது."

அம்மா கொப்புளத்தை ஊதிக்கொண்டாள். "உங்கப்பாவும் குறைஞ்சுக்கிட்டேதான் வந்தாரு. நான்தான் சபோஹத்கிட்ட சொல்லி அனுப்பினேன், போகப்போகக் குறையும்னு. எனக்கு அவர மண்ணுல வெச்ச அன்னிக்குத்தான் நின்னுது."

எனக்கு அப்போது நான்கு வயது. எனக்குத் தெரியாது அக்கா. உனக்குத் தெரிந்திருக்கும்.

அத்தான் போகும்போது வாசலில் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை கண்ணை விட்டுப் போகவில்லை. அந்தக் கோபத்தோடு அவர் போன வீட்டில் நீ இருக்கிறாய். என் கணக்கு முடிந்தது. உன் தலையில் முடிந்ததா?


ஓபிசர்த்
மே 17, 2002

மனீஜாவுக்கு ஜுலைகோ எழுதுவது. நீயும் உன் அம்மாவும் நலமா? நான் ஏழாவதுக்கு மேல் போகவில்லை, பிழை இருந்தால் சிரிக்காதே.

உன் கடிதங்களைப் படித்த குரல் நான்தான். குளிர்காலத்திலிருந்து நான் எல்லாவற்றையும் படிப்பதில்லை. வண்டி, பாலம் என்று வந்த இடத்தில் எண்கள், எண்கள், இன்னும் எண்கள் என்று சொல்லித் தாண்டினேன். அண்ணன் கொட்டாவி விட்டான். எங்கள் கூரை ஒழுகுவதில்லை, நான்தான் வருடாவருடம் மண் பூசுகிறேன்.

அண்ணி எழுதமாட்டாள். டிசம்பரில் வலது மணிக்கட்டு. உங்கள் வீட்டிலிருந்து திரும்பி வந்த இரவு இடது. சாப்பாடு நான் ஊட்டுகிறேன். புத்தகத்தை அடுப்பில் போடு என்று அண்ணன் சொன்னான், நான் அதே பருமனுக்குப் பழைய செய்தித்தாள் போட்டேன். புத்தகம் இதோடு வருகிறது.

உன் கடைசிக் கணக்குக்கு அண்ணி என்னிடம் விடை சொன்னாள், எழுதிக்கொள்: மந்தை பாலத்தைத் தாண்டுகிற முதல் நாள். அன்று ஆண்கள் எல்லோரும் மேய்ச்சல் மேட்டுக்கு ஏறுவார்கள், அண்ணனும் கழுதையில் போவான். எந்த நாள் என்று முன்கூட்டித் தெரியாது, பனி உருகுவதைப் பொறுத்தது. ஆனால் நடக்கும்போது பாலத்தில் நிற்கும் எவரும் பார்க்கலாம். இது சரியான வகை விடை என்று உனக்குப் புரியும் என்றாள்.

அம்மாவுக்குக் கண் தெரியாது. சாவி என் இடுப்பில். பதில் எழுதாதே. கூர்போனிடம் மட்டும் சொல்லி வை.

ஜுலைகோ


பஞ்சகென்ட்
ஜூலை 12, 2002

அன்புள்ள ஜுலைகோ,

எங்கள் வீட்டில் மூவர் இருக்கிறோம். யாராவது கேட்டால் அந்த ஒரு வரியை மட்டும் உரக்கப் படி.

மந்தை பாலத்தைத் தாண்டிய அன்று நானும் அம்மாவும் அக்காவைக் கூட்டிப்போக வந்தபோது நீ கதவைத் திறந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாய். எங்கள் பின்னால் நீயே உள்ளிருந்து பூட்டும் சத்தம் கேட்டது. அதை அம்மா தினமும் சொல்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்தக் கல் ரொட்டியை டீயில் ஊறவைத்து அக்காவுக்கு ஊட்டினாள். கடைசித் துணுக்கு வரை தின்றாள். பிறகுதான் அழுதாள்.

இடது கை தேறிவிட்டது. வலது மணிக்கட்டு கோணலாகவே கூடிவிட்டது, பேனா நிற்காது என்று வைத்தியர் சொன்னார். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், பாதி நாள் அதற்கும் மனம் வருவதில்லை. உன் அண்ணனும் இரண்டு ஆட்களும் ஒருமுறை வந்தார்கள். அம்மா தந்தூர்க் கொக்கியோடு வாசலில் உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவே இல்லை. மறுபடி வருவார்கள். மாமா எங்கள் வாசல்படி மிதிப்பதில்லை. நான் இன்ஸ்டிடியூட்டுக்குப் போவேனா என்று தெரியாது.

எங்கேயாவது கதவு அறைந்தால் அக்கா சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். முதல் வாரம் தினமும். இப்போது சில நாட்களில் இல்லை. நேற்று அம்மா, "போகப்போகக் கு..." என்று ஆரம்பித்துப் பாதியில் வாயை மூடிக்கொண்டாள். அக்கா அவளைப் பார்த்து, "சொல்லு, பரவாயில்லம்மா. குறையும்" என்றாள். மீதியை மூன்று பேரும் சொல்லவில்லை.

சாவி யாரிடம் இருந்தது என்று அவர்களுக்குத் தெரியும். உன்னை என்ன செய்தார்கள் என்று கூர்போன் அண்ணனைக் கேட்டேன். "நல்லாத்தான் இருக்குது" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். அதே கூரையின் கீழ் இப்போது நீ இருக்கிறாய். இப்போது வாசலுக்கு வெளியே நிற்பது நான்.

இந்தக் காகிதத்தில் விதை சுற்றி அவர் உன் கையில் கொடுப்பார். விதையைத் தின்றுவிட்டுத் தாளை எரித்துவிடு. வாரம் ஒரு கூம்பு வரும், ஒவ்வொன்றிலும் புத்தகத்தின் ஒரு பக்கம், முதல் பக்கத்திலிருந்து. ஏழாவது போதும். புரியாத இடத்தைச் சொல்லி அனுப்பு, அக்கா பதில் சொல்வாள்.

கூடவே அம்மா சுட்ட ரொட்டி ஒன்றும் வருகிறது. அதில் ஒரே ஒரு வாய் கடித்துவிட்டு, மீதியை கூர்போன் அண்ணனிடம் கொடுத்தனுப்பு. சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது.

மனீஜா